தாய்மாமன் மடி

முத்துச்செல்வி: அப்ப பிள்ளைய ஐயனார் மடியிலயே உக்கார வச்சிரட்டுமா?

வேல்ராஜ்: உக்கார வையேன். ஐயனாரும்... அண்ணன்தான. பெரியப்பா மகன்.

முத்துச்செல்வி: பெரியப்பா மகன் பெரியப்பா மகன்தான். கூடப்பொறந்த அண்ணன் நீ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, என் பிள்ளைக்குக் காது குத்த இன்னொருத்தன் மடியா? ஊரு என்ன பேசும்?

வேல்ராஜ்: ஊரு என்னைக்கு... பேசாம இருந்துச்சு.

முத்துச்செல்வி: சிரிக்காதண்ணே. கோயில்பட்டியில பஸ் ஏறி, ராத்திரி பூரா இவளத் தூக்கி வச்சுக்கிட்டு வந்திருக்கேன். விடிய ஒரகடம் கூட்டு ரோட்டுல எறங்கி நின்னா, கூப்பிட வந்தது மதினி. உன்னக் காணோம்.

வேல்ராஜ்: டூட்டி, செல்வி. நைட் ஷிப்ட் முடிஞ்சு...

சந்திரலேகா: டீ ஆறுது. ரெண்டு பேரும் மொதல்ல குடிங்க. சண்டைய அப்புறம் போட்டுக்கலாம், அது ஆறாது.

முத்துச்செல்வி: மதினி, நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாளு. வியாழக்கிழமை பஸ் ஏறினா சனிக்கிழமை காலையில இங்க வந்து பல்லு விளக்கலாம். அவ்வளவு பெரிய கம்பெனியில ஒரு நாள் லீவு கெடையாதா உங்க வீட்டுக்காரருக்கு?

சந்திரலேகா: என்னை இன்னாத்துக்கு இழுக்கிற. உங்க அண்ணன், உங்க கோயிலு. நான் டீ போட்டதோட சரி.

வேல்ராஜ்: லீவு தரமாட்டான். இப்ப ஆடிட் டைம். சூப்பர்வைசர் இல்லாம... லைன் ஓடாது.

முத்துச்செல்வி: நீ சூப்பர்வைசரா? எப்பருந்து?

வேல்ராஜ்: ஆச்சு... கொஞ்ச நாளு.

முத்துச்செல்வி: ஆமாவா மதினி?

சந்திரலேகா: சர்க்கரை போதுமான்னு பாரு.

முத்துச்செல்வி: போதும். ஏண்ணே, ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா நிறுத்தி நிறுத்திப் பேசுத? மேடையில ஏத்திவிட்ட மாதிரி.

வேல்ராஜ்: சூப்பர்வைசர்னா... அப்படித்தான் பேசணும்.

முத்துச்செல்வி: நல்லா பேசுத. போன்லயும் இதே கததான். நான் பத்து தடவ அடிச்சா ஒரு தடவ எடுக்குத. எடுத்தா, ‘நல்லாருக்கியா, பாப்பா நல்லாருக்கா, வைக்கேன்.’ வீடியோவுல கூப்பிட்டா வீட்டு முகட்டக் காட்டுத. இவ உன்ன என்ன சொல்லுதா தெரியுமா? ‘ஃபேன் மாமா.’ போன்ல இவ பாத்ததெல்லாம் உங்க வீட்டு ஃபேனத்தான்.

வேல்ராஜ்: ஃபேன் மாமாவா...

சந்திரலேகா: ஏங்க. மெதுவா.

முத்துச்செல்வி: சிரிச்சா என்ன மதினி? சிரிக்கட்டுமே. இப்பத்தான் சிரிக்காதன்னேன், நானே வேண்டாம்னா சொல்லுதேன்?

சந்திரலேகா: டீ பொறை ஏறிடப் போவுதுன்னு சொன்னேன்.

வேல்ராஜ்: எப்படித் தூங்குதா பாரு... பாயில பாதி, தரையில பாதி. மூக்கு அப்படியே... நம்ம அம்மா மூக்கு.

முத்துச்செல்வி: அம்மா மூக்கு, உன் பேரு. வேல்ராஜ் அண்ணன் பேருல பாதி இருக்கணும்னுதான் வேல்விழின்னு வச்சேன். மூணு வயசு முடியப் போவுது. இவ வயசுப் பிள்ளையெல்லாம் கம்மல் போட்டுத் திரியுது, இவ மட்டும் மொட்டைக் காதோட நிக்கா. மாமன் வரட்டும் மாமன் வரட்டும்னு போன வருசம் தள்ளிப்போட்டேன். அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. பொறந்த வீடுன்னா எனக்கு நீ ஒருத்தன்தான. நீயே ‘ஐயனார உக்கார வை’ன்னு சொல்லுத.

வேல்ராஜ்: மாப்ள... வரலையா?

முத்துச்செல்வி: அவரு எதுக்கு வாராரு? ‘உங்க அண்ணனுக்கு நம்ம வாசல் கசக்கும்போது, நான் மட்டும் எதுக்கு அவரு வாசல மிதிக்கணும்’னுட்டாரு.

வேல்ராஜ்: மாரிராஜா? மாப்ள... அப்படியா சொன்னாரு?

முத்துச்செல்வி: பின்ன? ‘கரிமூட்டம் போடுறவனுக்குத் தங்கச்சியக் கொடுத்துட்டோமேன்னு கம்பெனிக்காரருக்கு இளப்பமா இருக்கும், என் பக்கத்துல உக்காந்தா சட்டையில கரி ஒட்டிரும்ல’ன்னாரு.

வேல்ராஜ்: செல்வி... அப்படியெல்லாம் இல்ல தாயி.

முத்துச்செல்வி: அப்படி இல்லன்னா எப்படின்னு சொல்லேன்.

வேல்ராஜ்: லீவு...

முத்துச்செல்வி: லீவு லீவு லீவு. சரி, விடு. வந்தது வந்தாச்சு. மத்தியானத்துக்கு நான் சமைக்கேன். நெத்திலிக் கருவாடு கொண்டாந்திருக்கேன். மிளகா வத்தல நல்லா கருக வறுத்து...

சந்திரலேகா: வேணாம் செல்வி.

வேல்ராஜ்: வேண்டாம்.

முத்துச்செல்வி: எதுக்கு ரெண்டு பேரும் பாட்டுப் பாடுற மாதிரி சேந்து சொல்லுதீக? கருவாடுன்னா சட்டியோட நக்குவியேண்ணே நீ.

சந்திரலேகா: கேஸ் தீந்து போச்சு.

முத்துச்செல்வி: இப்பத்தான டீ போட்டீக?

சந்திரலேகா: அதோட தீந்துச்சு.

முத்துச்செல்வி: அப்ப கீழ் வீட்டுல போய் வறுத்துட்டு வாரேன். அதுல என்ன.

சந்திரலேகா: நீ எதுக்கு எறங்கி ஏறிக்கினு... நானே போய்ட்டு வரேன். தெனமும் தாளிக்கிறது ரத்னாக்கா வூட்ல தானே.

முத்துச்செல்வி: தெனமுமா?

சந்திரலேகா: ...அவங்க அடுப்பு நல்லா எரியும்.

முத்துச்செல்வி: ஒரு கரண்டி கடுகு தாளிக்க தெனமும் மாடிப்படி எறங்கி ஏறுதீகளா மதினி?

சந்திரலேகா: உடம்புக்கு நல்லது.

முத்துச்செல்வி: என்னமோ இருக்கு இந்த வீட்டுல. சாமி படத்துக்கு முன்னால ஊதுபத்தி இல்ல, சூடம் இல்ல, ஜீரோ வாட்ஸ் பல்பு எரியுது. கொசுவத்திச் சுருள் இல்ல. அதென்ன மூலையில, போர்வையப் போத்தி உக்கார வச்சிருக்கு?

வேல்ராஜ்: அது... கூலரு.

முத்துச்செல்வி: இந்தப் பங்குனி வெயிலுல கூலர எதுக்குப் போத்தி வச்சிருக்கு? அதுக்குக் குளிருதாக்கும்?

வேல்ராஜ்: தூசி... படும்ல.

முத்துச்செல்வி: சரி, கூலருக்கு எதுக்கு மூக்குக் குழாய்? நுனி வெளிய தொங்குது.

வேல்ராஜ்: அது... தண்ணி போற குழாய்...

சந்திரலேகா: போதும்ங்க. கூலருன்னதே பெரிய பொய்யி. அதுக்குத் தண்ணி வேற ஊத்தாதீங்க.

வேல்ராஜ்: ஹ... ஹஹ... லேகா... ஹ...

சந்திரலேகா: தோ. சிரிச்சிட்டாரு. எதுக்கு பயந்தேனோ அது வந்துடுச்சு. குனிங்க. கைய முட்டியில ஊணுங்க. பேசாதீங்க, எதுவும் சொல்ல வேணாம். செல்வி, ஜன்னல் மேல நீலக் கலர் பம்ப் கீது பாரு, எடு.

முத்துச்செல்வி: இதுவா மதினி?

சந்திரலேகா: அதான். வாயத் தொறங்க. இழுங்க... பிடிச்சு வைங்க... விடுங்க. உதட்டக் குவிச்சு ஊதுங்க. சூடா கீற டீய ஊதுற மாதிரி. அவசரம் இல்ல, யாரும் தொரத்தல. இன்னொரு வாட்டி.

முத்துச்செல்வி: மூஞ்சி கறுத்துப் போச்சு மதினி... உதடு எல்லாம்...

சந்திரலேகா: வந்துடும். பயப்படாத. தெனம் போவுது, தெனம் வருது. அந்தப் போர்வைய எடுத்துட்டு ஆக்சிஜன் மிஷின் பட்டன அமுக்கு.

வேல்ராஜ்: வேண்டாம்... சத்தம்... பாப்பா... முழிச்சிரும்.

சந்திரலேகா: கேட்டியா? மிஷின் சத்தத்துல பாப்பா முழிச்சுக்கும்னு, இவரு மூச்சு இல்லாம உக்காந்திருப்பாராம். அமுக்கு செல்வி. நான் குழாய மாட்டுறேன். தலையத் தூக்குங்க... ஆங்.

முத்துச்செல்வி: அண்ணே, முதுகத் தடவவா?

சந்திரலேகா: தடவு. தட்டாத, தடவு.

முத்துச்செல்வி: இப்படியா மதினி?

சந்திரலேகா: அப்படித்தான். ஒதடு செவக்குது. அவ்வளவுதான். முடிஞ்சுது.

வேல்ராஜ்: செல்வி.

முத்துச்செல்வி: பேசாதண்ணே. செத்த நேரம் சும்மா இரு.

வேல்ராஜ்: இல்ல... பேசிர்றேன். இப்ப விட்டா... மறுபடி ஏதாவது பொய்தான் வரும். நான் சூப்பர்வைசர் இல்ல.

முத்துச்செல்வி: அது கெடந்துட்டுப் போவுது.

வேல்ராஜ்: டூல் ரூம்ல உக்காந்து... கேக்குறவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கேன். ஏசி ரூம். தூசி இல்ல. அதான் நான் பாக்கக்கூடிய வேலை.

முத்துச்செல்வி: இது என்ன சீக்கு? எப்ப வந்துச்சு?

வேல்ராஜ்: போன வருசத்துக்கு முந்தின ஆடி. பழைய கம்பெனியில... தண்ணி சுத்தம் பண்ற இடத்துல நின்னேன்ல. குளோரின் சிலிண்டரு மாத்தும்போது... வால்வு பிச்சுக்கிச்சு. மஞ்சளும் பச்சையுமா... தரையோட தரையா வந்துச்சு. முதல்ல கண்ணு எரிஞ்சுது. அப்புறம் நெஞ்சுல... மிளகாப்பொடி அள்ளிப் போட்ட மாதிரி.

முத்துச்செல்வி: ஓடிற வேண்டியதுதான?

வேல்ராஜ்: ஓடினேன். வெளிய வந்துட்டேன்.

சந்திரலேகா: மீதியச் சொல்லுங்க.

வேல்ராஜ்: அவ்வளவுதான்.

சந்திரலேகா: அவ்வளவுதான் இல்ல செல்வி. கூட வேலை செஞ்ச ரகுபதி உள்ள மாட்டிக்கினான். இவரு திரும்பி உள்ள போய் அவன இழுத்துக்கினு வந்தாரு. ரகுபதிக்கு ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. வாரா வாரம் வந்து இந்தக் கட்டில்ல உக்காந்து அழுவான். உங்க அண்ணன் அவனுக்கு ஆறுதல் சொல்லுவாரு, மூக்குல குழாய மாட்டிக்கினு.

வேல்ராஜ்: அவன் அழுதா... மூக்கு ஒழுகும். பாக்க முடியாது.

முத்துச்செல்வி: கம்பெனிக்காரன் என்ன சொன்னான்?

சந்திரலேகா: எந்தக் கம்பெனி? போர்டே மாறிப் போச்சு. இப்ப வேற பேரு, வேற கலரு.

வேல்ராஜ்: டாக்டரு ஒண்ணு சொன்னாரு செல்வி. அந்தக் காலத்து உலகச் சண்டையில... எதிரியக் கொல்ல இந்தக் கேஸத்தான் காத்துல விட்டாங்களாம். பொழச்சு வந்த சிப்பாய்ங்க கொஞ்சப் பேருக்கு... இப்படித்தான் நெஞ்சு இருந்துச்சாம். கடைசி வரைக்கும்.

முத்துச்செல்வி: நீ எந்தச் சண்டைக்குப் போன?

வேல்ராஜ்: ஜெனரல் ஷிப்டுக்குப் போனேன்.

முத்துச்செல்வி: ...மருந்து சாப்பிட்டா சரியாவாதா மதினி?

சந்திரலேகா: ஆவாது. உள்ள சின்னச் சின்ன மூச்சுக் குழாயெல்லாம் தழும்பாயிடுச்சாம். போனது போனதுதான். மிச்சம் கீறத வச்சுக்கினு ஓட்டணும். எனக்கும் மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்ப பழகிட்டோம். ஸ்டூல் போட்டு உக்காந்து குளிப்பாரு. சட்டை பட்டன் போட்டுட்டு ஒரு ரெஸ்ட்டு. வயிறு முட்ட சாப்பிட்டா மூச்சு முட்டும், அதனால கோழி மாதிரி கொஞ்சம் கொஞ்சமா கொத்துவாரு. சிரிக்கிறது கூட தவணையிலதான். காலையில ஒரு ஜோக்கு சொன்னா மீதிய சாயங்காலம் சிரிப்பாரு.

வேல்ராஜ்: உன் ஜோக்குக்கு... அதுவே அதிகம்.

சந்திரலேகா: பாரு, இந்த வாய்க்கு மட்டும் மூச்சு வந்துடும். சண்டை போட்டாலும் அப்படித்தான். நான் கத்திக்கினே இருப்பேன். இவரு கையக் காட்டுவாரு, கொஞ்சம் இரு, மூச்சு வாங்கிக்கினு பதில் சொல்றேன்னு. இவரு வாங்கி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கோவம் போயிடும்.

வேல்ராஜ்: அதனாலதான்... எல்லாச் சண்டையிலயும்... நான் ஜெயிக்கேன்.

முத்துச்செல்வி: இப்ப எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல.

வேல்ராஜ்: சிரி. எனக்கும் சேத்து... நீ சிரி. இவகிட்ட ஒரு நாளு சொன்னேன் செல்வி. உனக்கு வயசு இருக்கு... வேற கல்யாணம் பண்ணிக்கோன்னு.

சந்திரலேகா: சொன்னாரு. அதையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. பாதியிலயே நான் தூங்கிட்டேன்.

முத்துச்செல்வி: மதினி...

சந்திரலேகா: ஐய, கைய விடு. டீ டம்ளர் உழுந்துடப் போவுது.

வேல்ராஜ்: நல்ல நாளும் உண்டு செல்வி. பூரா இப்படித்தான்னு நெனச்சிராத. மழை பேஞ்ச மறுநாளு... ரோட்டுத் தூசியெல்லாம் அடங்கிரும்ல. லாரி போனாலும் புழுதி வராது. அன்னைக்கு மொட்டை மாடிக்கு ஏறிருவேன். நின்னு நின்னுதான்... ஆனா ஏறிருவேன். அங்கருந்து பாத்தா ஏரி தெரியும். இவ ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுல இருந்து எறங்குறது தெரியும். அன்னைக்கெல்லாம்... நான் சீக்காளின்னே எனக்கு ஞாபகம் இருக்காது.

முத்துச்செல்வி: இதையெல்லாம் என்கிட்ட ஏண்ணே மறைச்ச? நான் யாரு உனக்கு?

வேல்ராஜ்: சொல்லியிருந்தா... நீ என்ன பண்ணியிருப்ப?

முத்துச்செல்வி: அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்திருப்பேன்.

வேல்ராஜ்: வந்து?

முத்துச்செல்வி: உன்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். என்கூட வச்சுக் கஞ்சி ஊத்தியிருப்பேன்.

வேல்ராஜ்: அங்கதான புள்ள... புகை. உன் வீட்டச் சுத்தி மூட்டம். வேலிக்கருவைய வெட்டி அடுக்கி, மண்ணப் பூசி, தீய வச்சா... நாள்கணக்கா புகையும். அந்தப் புகையில மாப்ள ராவும் பகலும் கெடந்துதான் உன்னையும் பிள்ளையவும் காப்பாத்துதாரு. அங்க வந்து நான்... மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கவா? எனக்கு ஒரு ஊதுபத்தி போதும்... ஒரு நாள் ராத்திரிய முடிச்சு விட்டுரும். நான் உன் வாசல்ல நின்னு இருமினேன்னு வச்சுக்கோ... மாப்ள என்ன பண்ணுவாருன்னு உனக்குத் தெரியாதா?

முத்துச்செல்வி: தெரியும்.

வேல்ராஜ்: குடத்துத் தண்ணிய எடுத்து மூட்டத்துல ஊத்திருவாரு. ஒரு வார்த்தை பேசமாட்டாரு. வெட்டின விறகு, பட்ட பாடு... எல்லாம் போச்சு. என் நெஞ்சுக்காக... அவரு பொழப்ப அணைக்கவா? அதுக்கு, அண்ணன் திமிரு பிடிச்சவன்னு... நீங்க நெனச்சிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

சந்திரலேகா: மெதுவா. மூச்சு விட்டுட்டுப் பேசுங்க.

முத்துச்செல்வி: அப்ப கோயிலுக்கும் இதனாலதான் வரமாட்டேன்ன?

வேல்ராஜ்: சாம்பிராணி... சூடம்... வரிசையாப் பொங்கப் பானை, அத்தனையும் விறகடுப்பு. பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு நான் அங்கன சாஞ்சு விழுந்தா? காது குத்தின நாளப் பத்தி... நாளைக்கு அவகிட்ட என்ன சொல்லுவ? அதுபோக...

முத்துச்செல்வி: அதுபோக?

வேல்ராஜ்: ஒண்ணுமில்ல.

சந்திரலேகா: சொல்லிடுங்க. எனக்குத் தெரியாதா, ராத்திரி பூரா அதையே பொலம்பிக்கினு இருந்துட்டு.

வேல்ராஜ்: என் நெஞ்சு சத்தம் போடும் செல்வி. கர்கர்னு. மடியில உக்காந்தா கேக்கும். பிள்ளை பொறந்தப்ப ஒருக்காத் தூக்கினது... என்ன அவளுக்கு அடையாளமே தெரியாது. ஊரு முன்னால, பயந்து என் மடிய விட்டு எறங்கி ஓடிட்டான்னா... அத நான் தாங்க மாட்டேன்.

வேல்விழி: மாமா.

வேல்ராஜ்: ஐயோ... முழிச்சிட்டா. மிஷின் சத்தம்தான்... அணை லேகா.

சந்திரலேகா: மிஷின் போட்ட ஒடனே முழிச்சுக்கினா. பாய்ல உக்காந்து உங்களையே பாத்துக்கினு இருந்தா. நீங்கதான் கவனிக்கல. ஏய், எங்க ஏறுற? குழாய இழுத்துடாதடி கண்ணு.

வேல்ராஜ்: விடு, ஏறட்டும்... மெதுவா தாயி. இங்கன உக்காரு.

வேல்விழி: மாமா, உள்ள பூனை இருக்கா?

வேல்ராஜ்: எங்க?

வேல்விழி: இங்க. உன் சட்டைக்குள்ள. கர்ர்ர்னுது.

வேல்ராஜ்: ...ஆமா. ஒண்ணு இருக்கு.

வேல்விழி: கடிக்குமா?

வேல்ராஜ்: கடிக்காது. அப்பப்ப... முழிச்சுக்கும். அவ்வளவுதான்.

வேல்விழி: வெளிய வரச் சொல்லு.

வேல்ராஜ்: வராது தாயி. அது உள்ளயேதான் இருக்கும்.

வேல்விழி: அப்ப நான் கேக்கேன்.

முத்துச்செல்வி: பாத்தியாண்ணே. காத வச்சுப் படுத்துட்டா. எறங்குன்னு சொன்னாலும் எறங்க மாட்டா இனிமே.

வேல்ராஜ்: தலையில... என்ன எண்ணெய் தேய்ச்ச? நம்ம அம்மா மாதிரியே வாசம் வருது.

முத்துச்செல்வி: கண்ணத் தொடச்சுக்கோ. அழுதா உனக்கு மூச்சு வாங்காதா?

சந்திரலேகா: அழுறது பரவால்ல. சிரிக்கத்தான் கூடாது.

வேல்ராஜ்: செல்வி, இது போதும் எனக்கு. இவ என் மடியில உக்காந்துட்டா. வெள்ளிக்கிழமை கோயில்ல ஐயனாரே இருக்கட்டும்... நான் போன்ல பாத்துக்கிடுதேன். ஃபேனக் காட்டாம மூஞ்சியவே காட்டுதேன். ஆனா மாப்ளகிட்ட மட்டும்... லீவு கெடைக்கலன்னே சொல்லிரு. என் கம்பெனிய நல்லா திட்டிக்கிடட்டும். புகைன்னு ஒரு வார்த்தை... அவரு காதுல விழக்கூடாது.

முத்துச்செல்வி: ஐயனாருக்கு யாரும் சேதியே சொல்லலண்ணே.

வேல்ராஜ்: வெள்ளிக்கிழமைன்ன?

முத்துச்செல்வி: வெள்ளிக்கிழமையும் இல்ல, கோயிலும் இல்ல. நாளைக்குக் காலையில. இந்த ரூம்ல, இந்தக் கட்டில்ல, உன் மடியில.

வேல்ராஜ்: இங்கனயா? ஆசாரி...

சந்திரலேகா: ஸ்ரீபெரும்புதூர்ல எங்க அம்மாவுக்குத் தெரிஞ்ச, நகை வேலை செய்யற பத்தர் ஒருத்தர் வராரு. சூடம் கூடாது, ஊதுபத்தி கூடாது, சென்ட் அடிச்சுக்கினு வரக்கூடாது, படியேறி வந்ததும் கை கழுவணும்னு சொன்னேன். ‘இன்னாம்மா, காது குத்துறதா ஆபரேஷனா’ன்னு கேட்டாரு.

வேல்ராஜ்: நீ... இவகிட்ட சொல்லிட்டியா? சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்ல.

சந்திரலேகா: வாங்கினீங்க. பொங்கலன்னிக்கு நீங்க குழாய மாட்டிக்கினு தூங்குறீங்க. இது போன் பண்ணி, ‘அண்ணனுக்கு என் மேல என்ன கோவம், நான் என்ன தப்புப் பண்ணினேன் மதினி’ன்னு அழுவுது. நான் இன்னா கல்லா? சத்தியம் போனா போவட்டும்னு சொல்லிட்டேன். இப்ப இன்னா, சண்டை போடுறீங்களா? போடுங்க. மூச்சு கீதா?

வேல்ராஜ்: பொங்கல்ல இருந்தா... அப்ப இந்தக் கருவாடு, மிளகா வத்தலு, கூலருக்குக் குளிருதான்னு கேட்டது... எல்லாம்?

முத்துச்செல்வி: கருவாடு நெசந்தான், கீழ் வீட்டுல வறுத்து எடுத்துட்டு வாரேன். மத்ததெல்லாம், உன் வாயால நீயே சொல்லணும்னு. ‘எல்லாம் எனக்குத் தெரியும்’னு வந்து நின்னிருந்தா, ‘அதெல்லாம் அப்ப, இப்ப சரியாப் போச்சு’ன்னு அதுக்கும் ஒரு பொய் சொல்லியிருப்ப.

வேல்ராஜ்: ...சொல்லியிருப்பேன்.

முத்துச்செல்வி: இதுல நான் அழாம இருந்ததுதான் பெரிய பாடு.

வேல்ராஜ்: அதெல்லாம் சரி. தகப்பன் இல்லாம எப்படிக் காது குத்துறது? மாப்ளதான்... என் வாசல மிதிக்க மாட்டேன்னாருன்னியே. அந்தக் கோவமாவது நெசமா?

முத்துச்செல்வி: பொங்கல் வரைக்கும் நெசந்தான்; விசயம் தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி மூட்டத்தடியில உக்காந்து அவரு அழுதத நான் பாத்தேன். அவரும் எங்ககூட அதே பஸ்ஸுலதான்ணே வந்தாரு, மதினி லாட்ஜ்ல ரூம் போட்டுக் கொடுத்துருக்காக. விடிஞ்சதுல இருந்து குளிச்சுக்கிட்டே இருந்தாரு, எல்லாம் புதுத் துணி, அப்பவும் தலைமுடியில புகை வாடை இருக்கும், மச்சானுக்கு இழுத்துரும்னு படி ஏற மாட்டேங்காரு. அந்தா ஜன்னல் வழியாப் பாரு, எதுத்த டீக்கடையில நின்னு, டீ மாஸ்டர்கிட்ட தலையக் குனிஞ்சு மோந்து பாக்கச் சொல்லிக்கிட்டு இருக்காரு. நீ கையசைச்சுக் கூப்பிட்டாத்தான் மேல வருவாரு.